உடையாத தேங்காயின் பலவீனம்

பலவீனங்கள் என்ற பகுதியைக் காலியாக விட்ட மதிப்பீட்டு அறிக்கையை யாரும் நம்புவதில்லை. இதை நான் பணியில் சேர்ந்த புதிதிலேயே தெரிந்துகொண்டேன். எல்லாம் நன்று என்று எழுதினால், நான் நிகழ்ச்சியைப் பார்க்கவே இல்லை என்று மேலிடத்தில் நினைப்பார்கள். எல்லாம் மோசம் என்று எழுதினால், எனக்கு அன்று உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள். ஆகவே எளிதில் திருத்தக்கூடிய ஒன்றிரண்டு குறைகளைத் தேடிப் பிடித்து எழுதுவேன். எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம். பின்னணி இசையைச் சற்றுக் குறைக்கலாம். திருத்துகிறவருக்கு வேலை சுலபம், திருத்தச் சொன்னவருக்கும் மரியாதை. பள்ளிப் பிள்ளைகளுக்கான நூல்களையும் நிகழ்ச்சிகளையும் மதிப்பிடும் பிரிவில் இப்படியே பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, வாழ்த்துரைகளைக் கேட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதனால் சென்ற ஆண்டு கீழ்வீட்டுப் பெண் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு என் கதவைத் தட்டியபோது, எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். கோலாலம்பூருக்குப் போய்க் கார்ட்டூன் வரையப் படித்தாள். திரும்பி வந்து ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தாள். திருமணத்துக்குப் பிறகு ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, படித்ததைச் செய்து பார்க்க உட்கார்ந்திருந்தாள். அந்த விடுப்பு முடியவிருந்தது.

"ஆன்ட்டி, ஒரு டிவி நிலையத்துல பிள்ளைங்க நிகழ்ச்சிக்குக் கேட்டிருக்காங்க. மாதிரி ஒண்ணு அனுப்பணும். கூடவே வெளியாளு ஒருத்தரு பார்த்து, பலம் என்னா, பலவீனம் என்னான்னு எழுதிக் குடுக்கணுமாம்."

"கெடச்சா?"

"கெடச்சா வேலைய விட்டுருவேன். கெடைக்கலன்னா விடுப்பு முடிஞ்சதும் போயி உக்காரணும். அவருகிட்ட அப்படித்தான் பேசி வச்சிருக்கேன்."

அவர் என்றது கணவரை. பட்டர்வொர்த்தில் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் வேலை. நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஒரு கெடு வைத்துவிட்டார் என்று புரிந்தது.

"நான் பொய்யா பாராட்டி எழுத மாட்டேன்" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன். மத்தவங்க எல்லாம் 'நல்லா இருக்குலா'ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க."

அவள் செய்திருந்தது ஒரு தேங்காயின் கதை. தைப்பூசத்துக்கு முந்தின நாள், ரதம் வரும் சாலை நெடுகக் கடைகளின் முன்னால் சாலையில் உடைப்பதற்காகத் தேங்காய்களை மலைபோல் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் குவியல் ஒன்றிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு தப்பித்து ஓடிவிடுகிறது. அதற்குப் பெயர் கிடையாது. மட்டை உரித்து உச்சியில் விட்டு வைத்த குடுமிதான் அடையாளம். ஓடும்போது குடுமி பின்னால் பறக்கும், பயந்தால் விறைத்துக்கொள்ளும். பேச்சும் கிடையாது. தெரிந்தவர்களைப் பிடித்து இசை போட்டு, சின்னச் சின்னதாக நான்கு பாகங்கள் முடித்திருந்தாள்.

நான் பணியில் இருந்தபோது கார்ட்டூன்களைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. வேலை என்று பார்த்திருக்கிறேன். அதாவது கையில் பேனாவோடு பார்த்திருக்கிறேன். இந்த முறை ஒப்பிடுவதற்கு வேண்டுமே என்று, பிள்ளைகள் இப்போது எதைப் பார்க்கிறார்கள் என்று தேடி, கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கே வியப்பாக இருந்தது. சமையலை மறந்து பார்த்தேன்.

பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு விலங்கு தவறு செய்யும், இன்னொரு விலங்கு அறிவுரை சொல்லும், எல்லா விலங்குகளும் சேர்ந்து சிரிக்கும். எதற்குச் சிரிக்கின்றன என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சிலவற்றில் காட்சி நிற்பதே இல்லை. ஒரு யானை தண்ணீர் குடிப்பதற்குள் படம் ஏழெட்டு முறை வெட்டப்பட்டுவிடுகிறது. சிலவற்றில் தாய்மார்கள் எல்லோரும் அடுப்படியிலேயே இருக்கிறார்கள். ஆனால் எதிர்பாராத இடத்தில் ஏதாவது ஒன்று நன்றாக இருக்கும். ஒரு நத்தை மழையில் நனைந்தபடி வெறுமனே நின்றுகொண்டிருக்கும். கதைக்கு அது தேவையே இல்லை. அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு தேங்காயிடம் வந்தேன். முதல் பாகம் சந்தையில் நடக்கிறது. தேங்காய் முட்டைக்கோசுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறது, ஒரு கோசு இலையைப் போர்த்திக்கொண்டு. பலம்: காய்கறிக்காரப் பெண்ணின் கையை மட்டும் காட்டிக்கொண்டே போகிறாள். அந்தக் கை நெருங்க நெருங்க எனக்கே மூச்சு முட்டியது. பலவீனம்: சந்தை மிகவும் சுத்தமாக இருக்கிறது. ஜெலுத்தோங் பாசாரின் தரையில் அப்படி ஒரு தேங்காய் உருண்டிருந்தால், மீன் தண்ணீரில் ஊறி அதுவும் மீன் வாடை அடித்திருக்கும். இரண்டாம் பாகம் ஃபெரியில். படகு சாய்வதற்கு ஏற்பத் தேங்காய் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உருளுகிறது. பயணிகள் கால்களைத் தூக்கித் தூக்கி வழிவிடுகிறார்கள். அருமையான பாகம். ஆனால் எங்கிருந்தோ ஒரு காகம் வந்து கண்ணடிக்கிறது. எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு துணை வேணும்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க, ஆன்ட்டி."

"துணையா வந்த மாதிரி தெரியல. வடை தேடி வந்த மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள், குறித்துக்கொண்டாள். மூன்றாம் பாகத்தில் கெலுகோரில் மாணவர் விடுதி ஒன்று. பசியோடு இருக்கும் பையன்கள் தேங்காயைத் துரத்துகிறார்கள். அது வெறும் ஓட்டம், சுமார் ரகம்.

நான்காம் பாகம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரதம் வரும் இரவு. தூரத்தில் மேளச் சத்தம். தேங்காய் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் ஏறிப் போய் ஒரு மரத்தடியில் நின்று கீழே பார்க்கிறது. சாலையில் விளக்குகள், கூட்டம், மற்றத் தேங்காய்கள் சிதறும் வெள்ளைச் சிதறல். பிறகு விடிகிறது. நம் தேங்காய் மரத்தடியில் குடுமியைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. முடிந்தது. "முடிவில் கருணை உண்டு" என்று பலங்களின் கீழ் முதல் வரியாக எழுதினேன். நான்கையும் சேர்த்தே மாதிரியாக அனுப்பலாம் என்றும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பார்க்கும்போது திரையைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். சலிப்பு முதலில் காலில் தெரியும், பிறகுதான் வாயில்.

ஞாயிறு காலை, கீழே குடியிருப்பாளர் மண்டபத்தில் திரை கட்டினோம். எங்கள் பிளாட் பிள்ளைகள் வந்தார்கள், பெரும்பாலும் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். நான்கைந்து சீனப் பிள்ளைகள், இரண்டு மலாய்ப் பிள்ளைகள். பேச்சே இல்லாத படம் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை இல்லை. பாய் விரித்து உட்கார வைத்தோம். நான் சுவரோரம் நாற்காலி போட்டு அவர்கள் முகம் தெரியும்படி அமர்ந்தேன். அவள் மடிக்கணினி பக்கத்தில், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கோசு இலையில் ஒருவரும் அசையவில்லை. ஃபெரியில் எல்லோரும் தேங்காயோடு சேர்ந்து சாய்ந்தார்கள். ஒரு வரிசையே வலப்பக்கம் சரிந்து கடைசிப் பையன் பாயைவிட்டு வெளியே விழுந்தான். காகத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. விடுதியில் சிரிப்பு. அது சுமார் என்று நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நான்காம் பாகம் வந்தது. மேளம் கேட்டதும் முதுகுகள் நிமிர்ந்தன. தேங்காய் மலை ஏற ஏற, கால்கள் ஆட ஆரம்பித்தன. அது மரத்தடியில் தூங்கியபோது ஒருவன் திரும்பிப் பின்னால் இருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தான். விளக்கைப் போட்டோம்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி. முன்பல் இல்லாதவள்.

"முடிஞ்சிருச்சுமா."

"அப்ப எப்ப ஒடையும்?"

"அது ஒடையல. தப்பிச்சிருச்சு" என்றாள் கீழ்வீட்டுப் பெண், இனிமையாக.

"ஒடையவே இல்லயா?" சிறுமி நம்பாமல் பார்த்தாள். "பாவம்லா."

"ஏன் பாவம்?"

"எல்லாரும் ஒடஞ்சாங்க. அத மட்டும் யாரும் எடுக்கல."

"டேய், அது பயந்தாங்கொள்ளி" என்றான் இன்னொருவன். "அதான் ஓடுது."

"நீதான் பயந்தாங்கொள்ளி. பட்டாசுக்கே காத மூடுவ!"

சீன வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து நின்று "பெச்சா லா! பெச்சா!" என்று கத்தினான். உடையட்டும் என்கிறான். அவன் தாத்தாவின் கடை ரதச் சாலையில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அவர்களும் குவித்து வைத்து உடைக்கிறவர்கள். அவனைப் பார்த்து எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். தேங்காய் உடையாமல் போனதற்காக ஒரு மண்டபமே கூச்சலிடுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகள் போன பிறகு அவள் பாயைச் சுருட்டாமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அழுவாங்கன்னு நெனச்சேன், ஆன்ட்டி. ஒடைஞ்சா அழுவாங்கன்னுதான் மரத்தடியில தூங்க வச்சேன்."

"நீ சின்னப் பிள்ளையில ரதம் பார்த்தப்ப அழுதியா?"

யோசித்தாள். "இல்ல. எங்கப்பா என் கையில ஒரு தேங்காய குடுத்து ஒடைக்கச் சொல்லுவாரு. என் கைக்கு ஒடையாது. உருண்டு ஓடிரும். எனக்கு அசிங்கமா இருக்கும். மத்தவங்க தேங்கா எல்லாம் பளீர்னு ஒடையும்." பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இத எப்படி மறந்தேன்னு தெரியல. கதாநாயகனக் காப்பாத்தணும்னு படிச்சேன். காப்பாத்திட்டேன்."

கருணை என்று முதல் வரியில் எழுதியவள் நான். பிள்ளைகளுக்கு அது கருணையாகப் படவில்லை, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் ஓரத்தில் நிற்க வைத்ததாகப் பட்டிருக்கிறது. படித்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, தைப்பூசத்துக்கு வந்த தேங்காயைக் கசாப்புக் கடைக்கு வந்த ஆடாக்கிவிட்டோம். எங்கே நழுவினோம் என்று அறிய எனக்கு ஆவல் அதிகமாகிவிட்டது. அறிக்கையில் அதுவரை எழுதியதை அடித்தேன்.

"முடிவ மாத்தணும்" என்றாள்.

எனக்குத் தெரிந்த முறையைச் சொன்னேன். இருப்பதை அப்படியே அனுப்பு. யாரையும் உறுத்தாத முடிவு, எளிதில் ஏற்பார்கள். ஏற்றபின் திருத்திக்கொள். உடைப்பது, நொறுக்குவது என்றெல்லாம் பிள்ளைகள் நிகழ்ச்சியில் வந்தால் வன்செயல் என்ற தலைப்பின் கீழ் ஒருவர் கேள்வி எழுப்புவார். கேள்வி எழுந்தால் கோப்பு நிற்கும். கோப்பு நின்றால் உன் விடுப்பு முடிந்துவிடும்.

"அந்தப் பிள்ள பாவம்னு சொன்னத கேட்டுட்டு இத எப்படி ஆன்ட்டி அனுப்புறது? கெடைக்கலன்னா ஆபீசுக்குப் போறேன். இதுக்குக் கெடச்சு, இதையே செஞ்சிட்டு இருந்தா அது மட்டும் என்னா?"

நான் அறிக்கைக்குப் புதுத் தாளை எடுத்தேன்.

அடுத்த சிக்கல், தேங்காய் எப்படி உடைகிறது என்பது. ஆண்டுதோறும் பார்க்கிறோம், ஆனால் உண்மையில் என்ன பார்க்கிறோம்? கை ஓங்குகிறது, தரை வெள்ளையாகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. மளிகைக் கடையில் குடுமித் தேங்காய்கள் வாங்கிவந்து, மறுநாள் மாலை கார் நிறுத்துமிடத்தில் இறங்கினோம். அவள் கைப்பேசியைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். உடைப்பது என் பொறுப்பு.

முதல் தேங்காய் உடையவில்லை. என் முழங்கால் உயரத்துக்குத் துள்ளி, ஒரு காருக்கு அடியில் போய்விட்டது. மோட்டார் சைக்கிளை நிறுத்திய மூன்றாம் மாடிக்காரர் நின்று பார்த்தார்.

"என்னாக்கா, புதுக் கெரேத்தா வாங்கிட்டீங்களா? திருஷ்டியா?" கெரேத்தா என்றது காரை.

"இல்ல தம்பி, ஆபீஸ் வேல."

"ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க?"

"இது வெளிவேல."

"இப்படிப் போட்டா பொங்கலுக்குள்ள ஒடையாது. குடுமியப் புடிச்சி மேலருந்து போடுங்க. குடுங்க, நான் போடுறேன்." போட்டார். பளீரென்று உடைந்தது. தண்ணீர் அவள் கைப்பேசிமேலும் முகத்திலும் தெறித்தது. அவள் அசையவில்லை, "இன்னொண்ணு, அண்ணே!" என்று கத்தினாள்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். முதலில் தேங்காய் தரையில் பட்டுக் கொஞ்சம் அமுங்குவதுபோல் தோன்றியது. பிறகு இடுப்பில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் ஒரு வட்டத் தகடாக விரிந்தது, நடனக்காரியின் பாவாடையைப் போல. அதற்குப் பிறகுதான் துண்டுகள் பிரிந்து கிளம்பின, ஒவ்வொன்றும் ஒரு திசையில், சுழன்றபடி. அதில் எனக்குக் கொடுமை எதுவும் தெரியவில்லை. கூட்டமாகப் பள்ளி விட்டு ஓடுகிறவர்களைப் போல் இருந்தது. இதற்குள் பிளாட் பிள்ளைகள் இறங்கி வந்து, மண் தட்டி, துண்டுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். முன்பல் இல்லாத சிறுமி ஒரு சில்லைக் கடைவாயால் கடிக்கப் பாடுபட்டாள்.

"இது அந்தத் தேங்காதானே?" என்று கேட்டாள்.

"அதான்" என்றாள் இவள்.

"இப்ப எங்க போவும்?"

இவள் என்னைப் பார்த்தாள். ரதம் போன பிறகு சாலையில் கிடக்கும் சில்லுகள் எங்கே போகின்றன? கொஞ்சத்தைப் பொறுக்கிப் போகிறார்கள், மீதியை லாரி வந்து அள்ளுகிறது. அதற்குமேல் நான் யோசித்ததில்லை. அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

புது முடிவை வரைய அவள் பட்ட பாட்டை விவரிக்க மாட்டேன். காகத்தை எடுத்துவிட்டாள். மலையேறிய தேங்காய் மேளம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறது, குடுமி மெல்ல விறைக்கிறது, பிறகு தானாகவே சரிவில் உருண்டு இறங்கி ஒரு சிறு கையில் போய்ச் சேருகிறது. கோடு, பாவாடை, சிதறல். பிள்ளைகளுக்கு மறுபடி போட்டுக் காட்டினோம். சிதறியபோது மண்டபம் எழுந்து நின்றது. நான் அறிக்கையை எழுதினேன். பலவீனங்களின் கீழ், எளிதில் திருத்தக்கூடியதாக எதையும் தேடவில்லை. சந்தை மிகச் சுத்தம் என்றும், முடிவு சில பெரியவர்களை வருத்தக்கூடும், பிள்ளைகளை வருத்தவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கையில் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி என்னை அழைத்தார். இளம் குரல், தமிழர்.

"மேடம், அறிக்கை படிச்சேன். ஒரு சந்தேகம். கடைசில முக்கியக் கதாபாத்திரம் செத்துப் போகுதா?"

"சாகல. ஒடையுது."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"நீங்க வீட்ல தேங்கா ஒடைச்சா எழவு விழுந்திருச்சுன்னா சொல்லுவீங்க?"

சிரிப்பை அடக்குவது கேட்டது. "எனக்குப் புரியுது. ஆனா மேல கேப்பாங்க. மாதிரியிலயே ஒடைஞ்சிட்டா, மத்த பாகத்துக்கு யாரு இருக்கா?"

"ஒண்ணு இருந்துச்சு. இப்ப நெறைய இருக்கு. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகுது. அந்தப் பொண்ணு வரைஞ்சிட்டு இருக்கு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப சட்டினி ஆகுறதும் வருமா?" என்றார். அலுவல் குரல் இல்லை அது.

இரண்டு நாளில் பதில் வந்தது. கேட்டதில் பாதி அளவுக்குத்தான் பாகங்கள், அதுவும் பரீட்சார்த்தமாக. வரவேற்பு இல்லையென்றால் அத்தோடு சரி. முடிவை மாற்றச் சொல்லவில்லை. நான் என் வழக்கப்படி அவளுக்கு எடுத்துச் சொன்னேன்: இது நிரந்தரம் அல்ல, வேலையை விடுவதற்குப் போதுமான காரணமும் அல்ல. விடுப்பை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது.

அவள் கணவரும் உடன் இருந்தார். என் சாப்பாட்டு மேசையில், இருவருக்கும் நடுவில் மடிக்கணினி.

"நீங்க என்னா சொல்றீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"கெடச்சா விட்ருவேன்னு சொன்ன. கெடச்சிருச்சுலா" என்றார். "பாதி கெடச்சாலும் கெடச்சதுதான்."

விலகல் கடிதத்தை அவளே எழுதினாள். என்னிடம் காட்டினாள். வழக்கமான நன்றிகள் இல்லாமல் மிகச் சுருக்கமாக இருந்தது, நான் எதையும் சேர்க்கவில்லை. அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினாள். பிறகு அவள் கேட்டாள்:

"ஆன்ட்டி, முழுத் தேங்கா உருளும். ஒடஞ்சது எப்படிப் போகும்? நடக்குமா, சறுக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. மூடியாக இருந்தால் கவிழ்ந்து ஆடும் என்று தோன்றியது. சில்லு எப்படிப் போகும்? குளிர்ப்பெட்டியில் பாதி மூடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, நடைக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் விட்டுப் பார்க்க மூவரும் வெளியே போனோம்.